முப்பத்தேழாவது குண்டு

அந்த வட்டாரத்தில் சைக்கிள் வைத்திருந்த எல்லோருக்கும் அவளைச் சல்லடை என்றுதான் தெரியும். அந்தப் பெயரை வைத்தது தெரு அல்ல, சக்கர அச்சில் உருளும் பால்ரஸ் குண்டு செய்யும் தொழிற்சாலை. பதினொரு வருடம் அங்கே பரிசோதனை மேசையில் உட்கார்ந்திருந்தாள். எஃகுக் குண்டுகள் மழை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் விழும். ஒரு தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் வருகிற கனம் கூடுதலாக இருந்தாலும் அவள் விரல் அதை ஒதுக்கிவிடும். மேசைக்கு மேசை போய்ச் சரிபார்க்கும் அதிகாரி அவள் மேசைக்கு மட்டும் வரமாட்டார். அங்கே வந்து என்னத்தைப் பார்ப்பது என்பார்.

தொழிற்சாலை வேறு ஊருக்குப் பெயர்ந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஞாபகத்துக்கென்று சுவர்க் கடிகாரத்தையும் நாற்காலியையும் கேட்டு வாங்கிப் போனார்கள். அவள் பழைய இரும்புக் குவியலில் கிடந்த இரண்டு எஃகுப் பட்டைகளைக் கேட்டாள். குண்டு பிரிக்கும் பழைய இயந்திரத்தில் இருந்தவை அவை. முழ நீளம், கண்ணாடி மாதிரி வழவழப்பு. வீட்டுக்கு வந்ததும் ஒரு சரிவான பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பதித்தாள். மேலே இடைவெளி குறுகல், கீழே போகப் போகக் கொஞ்சமே கொஞ்சம் அகலம். மேலேயிருந்து ஒரு குண்டை விட்டால், தன் பருமனுக்குச் சமமான இடைவெளி வந்ததும் அது பட்டைகளுக்கு நடுவே கீழே விழும். அடியில் துணி விரித்த பத்து அறைகள். ஒரே அளவுக் குண்டுகள் ஒரே அறையில் விழும். கூடுதல் பருமன் என்றால் இன்னும் இரண்டு அறை தள்ளிப் போய் விழும்.

அந்தப் பலகையை நம்பித்தான் அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த மூலையில், அவள் சைக்கிள் கடை போட்டாள். கூரை படிக்கட்டாகவே இறங்கி வரும். நின்றபடி வேலை பார்க்க முன்பக்கம் மட்டும்தான் இடம். பின்பக்கம் போகப் போகக் குனிய வேண்டும், கடைசியில் உட்கார்ந்தே ஆக வேண்டும். யாராவது படியில் இறங்கினால் அவர்கள் கால் சத்தம் அவள் தலைக்கு மேலே நடந்து போகும்.

மற்றக் கடைகளில் சக்கரத்தைப் பிரித்தால், தேய்ந்த குண்டு இரண்டை எடுத்து வீசிவிட்டு, டப்பாவைத் துழாவி, அதே மாதிரி தெரிகிற இரண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். இவளிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒன்று தேய்ந்திருந்தால் ஒன்பதையும் எடுப்பாள். புதுசும் பழசும் ஒன்றாகப் போனால் புதுசுதான் மொத்தப் பாரத்தையும் சுமக்கும், மற்ற எட்டும் சும்மா கூட ஓடிவரும் என்பாள். பின்சக்கரத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது. பத்தாவதையும் திணிக்க இடம் இருக்கிற மாதிரி தெரியும், திணித்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. வட்டமாகக் கைகோத்து நிற்கிற ஒன்பது பேருக்குள் மூச்சு விடக் கொஞ்சம் சந்து வேண்டாமா என்று திருப்பிக் கேட்பாள். அப்புறம் பழைய பேனா ஒன்றின் முனையால் அச்சில் குண்டுகளைத் தாங்கும் கூம்பான கோனின் ஓட்டத் தடத்தை ஒரு சுற்றுத் தடவுவாள். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் பேனா தடுக்கினால் கோனும் குப்பைக்குப் போகும். எல்லாம் மாட்டி முடித்ததும் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சும்மா விடுவாள். அது முன்னும் பின்னும் ஊஞ்சலாடி, காற்றடிக்கும் டியூப் மூக்கு அடியில் வந்து நிற்க வேண்டும். நடுவில் முரண்டு பிடித்து நின்றால் மறுபடி பிரிப்பாள்.

இப்படி வேலை பார்த்தால் பேர் வரும், ஆனால் மழைக்காலத்தில் சைக்கிளே வராது. அந்த மூன்று மாதமும் கடையைச் சாத்திவிட்டு அட்டைப் பெட்டி ஒட்டும் கம்பெனிக்குப் போவாள். அந்த வேலையை அவள் வெறுத்தாள். கோந்து காய்ந்து காய்ந்து விரல்நுனி மரத்துப் போகும். மழை விட்டுக் கடை திறந்த பிறகும் ஒரு மாதத்துக்கு அச்சைத் திருகினால் கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும், விரல் ஒரு சேதியும் சொல்லாது.

அதனால்தான் தண்ணீர் மீட்டர் அலுவலகத்து வேலை வந்தபோது அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கு எடுப்பவர்களுக்கென்று அங்கே இருபத்தாறு சைக்கிள்கள் இருந்தன. வருடம் முழுக்க அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தால் கோந்துக்குக் கும்பிடு போட்டுவிடலாம். அங்கிருந்த மேற்பார்வையாளர், சட்டைப் பையில் மூன்று பேனாக்களை உயர வரிசையில் குத்தியிருக்கும் மனிதர், முதலில் பன்னிரண்டு வண்டியைக் கொடுத்தார். இரண்டு நாள் வேலை, மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு எங்கள் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்றார். ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு சைக்கிள் புகாரோடு உங்கள் கடைக்குத் திரும்பி வந்தாலும் மிச்சம் பதினாலும் மார்க்கெட் முனையில் இருக்கும் பெரிய கடைக்குப் போய்விடும் என்றும் சொன்னார். சல்லடை சரி என்றாள்.

முதல் நாள் ஆறு வண்டி முடித்தாள். பின்சக்கரக் குண்டுகளுக்கு இரண்டு டப்பா வாங்கியிருந்தாள். ஒவ்வொன்றிலும் நூற்று நாற்பத்து நான்கு. டப்பாவுக்குப் பத்தை எடுத்துப் பலகையில் விட்டுப் பார்த்ததில் முதல் டப்பாக் குண்டுகள் ஏழாம் அறையில் விழுந்தன, இரண்டாவது டப்பாக் குண்டுகள் ஐந்தாம் அறையில். இரண்டும் நல்ல குண்டுகள்தான், ஆனால் ஒன்றோடொன்று சேரக் கூடாதவை. முதல் ஆறு வண்டிக்கு முதல் டப்பா, அடுத்த ஆறுக்கு இரண்டாவது என்று மூடியில் எழுதியும் வைத்தாள். மறுநாள் மிச்ச ஆறையும் முடித்தாள். சக்கரங்கள் எல்லாம் நன்றாகத்தான் ஆடி நின்றன. நேரம் போதாததால், மாட்டி முடித்த அச்சை எப்போதும் போல ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஒரு ஊக்கு தேடிச் சமையலறை அலமாரியைத் திறந்தாள். அங்கே முதல் டப்பா இருந்தது. கழுவித் துடைத்து, பளபளவென்று, உள்ளே ஊக்குகளோடு.

அவள் கணவர் நகரப் பேருந்தில் கண்டக்டர். தங்கமான மனிதர், ஒரே ஒரு வியாதியைத் தவிர. அரைகுறையாக இருக்கிற எந்தப் பாத்திரமும் அவர் கண்ணுக்கு ஆகாது. கரைந்து போன சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவார். பழைய சர்க்கரையைப் புதுச் சர்க்கரையின் தலையில் கொட்டுவார். முதல் நாள் சாயங்காலம் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் கடையைக் கூட்டி ஒழுங்கு பண்ணியவர், முதல் டப்பாவில் மிஞ்சியதை இரண்டாவது டப்பாவில் கொட்டியிருக்கிறார்.

"ரெண்டுமே கால் அங்குலம்னுதாம்மா போட்டிருந்தது," என்றார், ஊக்கு டப்பாவைப் பிடித்தபடி.

"மூடியில நான் எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். மேல கொட்டினதுக்கு அப்புறம்."

அவள் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரம் இல்லை. ஆறு சக்கரத்தையும் கழற்றிச் சோதிக்கவே முக்கால் மணி போய்விடும், அப்புறம் ஒரு சக்கரத்தைப் பிரித்துக் கழுவி மாட்ட அரை மணி நேரம் ஆகும். பதினோரு மணிக்குள் நாலு முடியும், ஆறு முடியாது. இன்னொரு மணி நேரம் கேட்டுப் பார்க்கலாமா என்றார் கணவர். மூன்று பேனா குத்துகிறவரிடமா என்றாள் அவள்.

ஆறு வண்டியின் பின்சக்கரங்களையும் கழற்றிச் சுவரில் வரிசையாகச் சாய்க்கச் சொன்னாள். அவர் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, டப்பாவில் மிச்சமிருந்த குண்டுகளை ஒவ்வொன்றாகப் பலகையில் விட்டாள். ஏழாம் அறையில் ஒன்பது விழுந்தன. நூற்று நாற்பத்து நான்கில் ஆறு வண்டிக்கு நூற்றெட்டு போக முதல் நாள் மிஞ்சியது முப்பத்தாறு, அதில் ஒன்பது இங்கே. அப்படியானால் இருபத்தேழு, இந்த ஆறு சக்கரங்களுக்குள்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு அச்சாக இரண்டு விரலில் பிடித்து உருட்டினாள். வெளியில் யாரோ பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், தலைக்கு மேலே யாரோ படியிறங்கினார்கள். முதல் நாலு சக்கரத்திலும் சந்தேகமே இல்லை, சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி சுற்றுக்குச் சுற்று இடறியது. ஐந்தாவது சுத்தம். ஆறாவது, இருக்கை உச்சத்துக்கு ஏற்றிய நெட்டையனின் சைக்கிள். அவனுக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். அந்தச் சக்கரத்தில், செயின் இல்லாத பக்கம், ஏதோ இருந்தது. இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை. தூங்குகிற ஆள் புரண்டு படுப்பது போல ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான்.

நாலையும் பிரித்தாள். கணவர் மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவிக் கொடுத்தார். வேற்றுக் குண்டுகள் ஏழாம் அறையில் விழ விழ எண்ணிக்கொண்டே வந்தாள். இருபத்தாறில் நின்றது.

இன்னும் ஒன்று. மணி பத்தே முக்கால்.

கொட்டும்போது ஒன்று சிந்தியிருக்குமோ என்று கணவர் அப்போதுதான் தரையில் படுத்தார். ஒரு குச்சியை மேசைக்கு அடியில் விட்டு இழுத்தார், நூலும் தூசியும் ஒரு வாஷரும் வந்தன. இரண்டாவது இழுப்பில் ஒரு குண்டு உருண்டு வந்தது. அவர் அதை எடுத்துப் பிடித்த விதத்தைப் பார்த்தால், கடலில் மூழ்கி எடுத்த முத்து தோற்றுவிடும். பலகையில் விட்டார்கள். ஏழாம் அறை. முப்பத்தாறும் வந்துவிட்டது, கணக்கு முடிந்தது.

நெட்டையனின் சக்கரத்தை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. மாட்டிவிடுங்க என்றாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். காலை ஒன்பது மணிக்கு நெட்டையன் கடையைத் தாண்டிப் போவான், சத்தமில்லாமல், பட்டம் மிதக்கிற மாதிரி. கை ஆட்டுவான். நான்காம் நாள் சில திருகாணிகள் வாங்க இரும்புக் கடைக்குப் போனாள். நூறு கேட்டாள். கடைக்காரர் ஒரு கை அள்ளித் தராசில் போட்டு, இரண்டைச் சேர்த்து, பொட்டலம் கட்டினார். எண்ண வேண்டாமா என்று பக்கத்தில் இருந்தவர் யாரோ கேட்டார். எடைக்கு எடை சரி, ஒன்று கூடும், ஒன்று குறையும், யார் எண்ணப் போகிறார்கள் என்றார் கடைக்காரர்.

சல்லடை பொட்டலத்தை வாங்காமல் நின்றாள். பதினொரு வருடம் அவள் மேசைக்கு அடுத்த மேசையில் இருந்தது தராசு. அவள் பிரித்துத் தந்த குண்டுகளை அங்கே ஒருவர் எடை போட்டுத்தான் டப்பாவில் அடைப்பார். எண்ணுவதே கிடையாது. மூடியில் நூற்று நாற்பத்து நான்கு என்று அச்சடித்திருக்கும், உள்ளே நூற்று நாற்பத்தைந்தும் இருக்கலாம். உலகத்தில் இதை அறிந்த நாலு பேரில் அவள் ஒருத்தி. அவள்தான் மூடியில் இருந்த எண்ணை நம்பி முப்பத்தாறோடு கணக்கை முடித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவரோடு நாத்தனாரும் இருந்தாள். கணவரின் அக்கா, மூன்றாம் மாடியில் குடியிருப்பவள், படியிறங்கும் சத்தத்திலேயே இன்னார் என்று தெரிகிறவள். கணவர் விரலை மடக்கி நாள் எண்ணினார். இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. ஒரே ஒரு குண்டு, ஒரு மயிரிழை பருமன். அது ஒரு வாரத்தில் என்ன செய்துவிடும் என்று கேட்டார். ஒன்றும் செய்யாது, ஆறு மாதத்தில் கோனைத் தின்றுவிடும் என்றாள் அவள். அப்படியானால் வருட வேலை கைக்கு வந்த பிறகு, ஆறாம் மாதம் ஆவதற்குள் சத்தமில்லாமல் மாற்றிவிடலாமே என்றார். நியாயமான பேச்சுத்தான். அவளுக்கே ஒரு நிமிடம் அதில் மனசு போனது.

"நல்லா ஓடற வண்டியை நிறுத்தி, உனக்கு நோவு இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டர்," என்றாள் நாத்தனார். "அந்த டாக்டரை மறுபடி யாரு கூப்பிடுவா? போ, போய் அட்டைப் பெட்டி ஒட்டு."

"ஒட்டறேன் அண்ணி. விரல் மரத்துப் போனா போகட்டும்," என்றாள் சல்லடை. "ஆனா அன்னிக்கு இந்த விரல் மரத்துப் போகல. இது சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் இதை விட்டுட்டு எண்ணிக்கையைக் கேட்டேன். இதுக்கு மேல இதை நானே நம்பலைன்னா, இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

நாத்தனார் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு, மீட்டர்காரர்கள் கிளம்பும் முன்பே, சல்லடை அலுவலகத்து முற்றத்தில் இருந்தாள். ஒரு கையில் ஸ்பேனர் பை, இன்னொரு கையில் பலகை. பேருந்து வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கணவர் கிரீஸ் டப்பாவோடு பின்னால் நின்றார், தப்புச் செய்த பிள்ளையை அழைத்து வந்த அப்பா மாதிரியும், அந்தப் பிள்ளை மாதிரியும்.

மேற்பார்வையாளர் வந்ததும் விஷயத்தை முழுசாகச் சொன்னாள். ஊக்கு டப்பாவைக்கூட விடவில்லை. அவர் கேட்டுவிட்டு, வண்டியில் என்ன கோளாறு என்று நெட்டையனைக் கேட்டார். அவனுக்குக் கோபம்.

"ஒரு கோளாறும் இல்ல சார். வாழ்க்கையில முதல் தடவையா வண்டி கத்தாம ஓடுது. ஏன்க்கா, நல்லா இருக்கறதை எதுக்குப் பிரிக்கிறீங்க?"

"செயின் இல்லாத பக்கம்," என்றாள் அவள் மேற்பார்வையாளரைப் பார்த்து. "ஒன்பதுல ஒண்ணு. இல்லைன்னா உங்க வேலையே எனக்கு வேண்டாம்."

பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். சக்கரம் கழன்றது, கோன் கழன்றது. கிரீஸில் புதைந்திருந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்தாள். பலகையை முற்றத்துத் திண்டில் சாய்த்து வைத்து முதல் குண்டை விட்டாள். ஐந்தாம் அறை. இரண்டாவது, ஐந்து. மூன்றாவது, நான்காவது, எல்லாம் ஐந்து. எட்டாவதும் ஐந்தில் விழுந்தபோது கணவர் கண்ணை மூடிக்கொண்டார். நெட்டையன் தொண்டையைச் செருமினான்.

ஒன்பதாவது குண்டு ஐந்தைத் தாண்டியது. ஆறைத் தாண்டியது. அவசரமே இல்லாமல் ஏழில் விழுந்தது.

மேற்பார்வையாளர் குனிந்து அதை எடுத்தார், ஐந்தாம் அறையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தார், இரண்டையும் இரண்டு கையில் வைத்து வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார். வித்தியாசம் தெரிகிறதா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. கை தவறி இரண்டும் தரையில் விழுந்து உருண்டன. முற்றமே குனிந்து தேடியது. இரண்டும் கிடைத்ததும் எது எது என்று அவருக்குக் குழம்பிவிட்டது. அவள் கையை நீட்டினாள். பலகையைத் தொடவில்லை. விரலில் ஒருமுறை உருட்டி, ஒன்றை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைத் தானே பலகையில் விட்டுப் பார்த்தார். ஏழு.

பையில் கொண்டு வந்திருந்த ஐந்தாம் அறைக் குண்டு ஒன்றை எடுத்து, ஒன்பதையும் கழுவி, கிரீஸில் பதித்து, சந்து விட்டு, கோனை இறுக்கிக் கால் சுற்றுத் தளர்த்தினாள். சக்கரம் ஊஞ்சலாடி, டியூப் மூக்கு அடியில் வந்து நின்றது. நெட்டையன் ஏறி முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான். முன்னே இருந்த மாதிரியேதான் இருக்கிறது என்றான், குறை சொல்கிற குரலில்.

அப்போதுதான் கணவர் வாயைத் திறந்தார். ஒரு வாரத்துக்குள் ஒரு வண்டி திரும்பி வந்தால் என்று பேசியிருந்ததை மெல்ல ஞாபகப்படுத்தினார். தப்பு தன்னுடையது என்றும், டப்பாவைக் கொட்டியது தன் கைதான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் நடுப் பேனாவை எடுத்தார். "புகாரோட கடைக்குத் திரும்பி வந்தாத்தான்னு பேச்சு. இங்க யாரும் புகார் சொல்லல. வண்டியும் எங்கயும் வரல. கடைதான் வண்டியைத் தேடி வந்திருக்கு. அதுக்கு என்கிட்ட விதி இல்ல." ஒரு தாளில் ஏதோ எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "மிச்சம் பதினாலையும் நாளைக்கு அனுப்பறேன். என்னோடதையும் சேர்த்தா பதினஞ்சு. அது ரொம்பக் கத்துது."

அந்த மழைக்காலத்தில் மாடிப்படிக் கடை சாத்தவில்லை. படிக்கட்டின் விளிம்பில் தண்ணீர் சொட்டும், உள்ளே பட்டைகளின் மேல் குண்டுகள் ஓடும். நாத்தனார் இறங்கிப் போகும்போது ஒரு நாள் கூரையைத் தட்டி, டாக்டர் இருக்காங்களா என்று கேட்டாள். அவளுடைய பேரனின் மூன்று சக்கர வண்டி கையில் இருந்தது.

அதே வாரத்தில் ஒரு சாயங்காலம் கணவர் கடையைக் கூட்டினார். அலமாரியைத் துடைக்கும்போது இரண்டு டப்பாக்கள் கண்ணில் பட்டன. ஒன்றில் கால்வாசி, இன்னொன்றில் அரைவாசி. ஒரு கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு நின்றார். சல்லடை அச்சை உருட்டியபடியே ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் இரண்டையும் குலுக்கிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு ஒன்றை மேல் தட்டிலும் இன்னொன்றைக் கீழ்த் தட்டிலும் வைத்துவிட்டு, அரைகுறையாக இருந்த துடைக்கும் துணிகள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.